பின் நடவடிக்கை: இல்லை

மெர்சி தங்கபாய் மேடம் இறந்து நான்கு வருடம் முடிந்த மறுநாள், காலை பதினொன்றே காலுக்கு, செங்கமலம் என்பவரின் கோப்பில் பச்சை மையில் ‘பேசவும்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். கையெழுத்து அவருடையதேதான். முதல் எழுத்து மட்டும் அச்சுக்கோத்தது போல இருக்கும், மீதி மூன்றும் ஒரே இழுப்பு. இருபத்தாறு வருடம் அதைப் பார்த்த கண் எனக்கு. ஆச்சரியமெல்லாம் படவில்லை. அந்த வாரத்தில் அது ஆறாவது ‘பேசவும்’.

என் பெயர் உத்திராபதி. திருச்சியில் கால்வாய்ப் பராமரிப்பு இயக்ககத்தில் கண்காணிப்பாளர். மதகு திறக்கிற லஸ்கரிலிருந்து ஜீப் ஓட்டுநர் வரை, வேலையில் இருக்கும்போதே செத்துப்போகிறவர்களின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கிற பிரிவு என்னுடையது. ஒரு காலத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசிய ஹால். இப்போது நானும் ஒரு ஸ்கேனரும்தான். மின்விசிறி நாலு சுற்றுகிறது, காற்று என்னவோ எனக்கு மட்டும்தான்.

சீர்திருத்தம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குத்துவிளக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. பிறகு கணினி வந்தது. அதற்குச் சந்தனப்பொட்டு வைத்து, சென்னையிலிருந்து ஒருவர் வந்து விளக்கேற்றி, “இனிமே மக்கள் அலைய வேண்டியதில்லை” என்றார். ஒரு வருடம் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அடுத்து காகிதமில்லா அலுவலகம் வந்தது. திரையில் வருவதையெல்லாம் அச்செடுத்து, துளை போட்டு, டேக் கட்டி அடுக்கினோம். முன்பைவிட இரண்டு பங்கு காகிதம் ஆனது. அப்புறம் விரல் ரேகை, அப்புறம் செயலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, ஒரு மெழுகுவத்தி, அதே வாக்கியம். இத்தனை வருடத்தில் நவீனமாகாத பொருள் அந்தக் குத்துவிளக்கு ஒன்றுதான்.

கடைசியாக ஏற்றியது மேடத்துக்காக. மனிதர்கள் முடிவெடுத்தால் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று ஒரு பக்கம் கத்தினார்கள். இயந்திரம் முடிவெடுத்தால் அதற்கு ஈவிரக்கம் கிடையாது என்று இன்னொரு பக்கம் கத்தினார்கள். நடுவில் ஒரு குழு போட்டார்கள். குழு யோசித்து ஒன்று சொன்னது: ஒவ்வொரு துறையிலும் கை சுத்தமான அதிகாரி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, அவர் பணிக்காலம் முழுக்க எழுதிய குறிப்புகளை இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுப்பது, இனி அவராகவே அது முடிவெடுப்பது. நடுவில் எந்த மனிதனும் கை வைக்கக் கூடாது. இயக்குநரே நினைத்தாலும் முடியாது.

எங்கள் துறையில் கை சுத்தம் என்றால் யோசிக்கவே வேண்டாம். மெர்சி தங்கபாய். நாகர்கோவில்காரர். ஒரு டீ கூட அடுத்தவர் காசில் குடிக்க மாட்டார். இருபத்தாறு வருடக் குறிப்புகளையும் ஸ்கேன் செய்து ஊட்டினோம். அந்த முறைமைக்கு அரசாணையில் ஒரு நீளமான பெயர் இருக்கிறது. எங்களில் யாரும் அதைச் சொன்னதில்லை. “மேடத்துக்கு அனுப்பிட்டியா?” என்றுதான் கேட்போம்.

‘பேசவும்’ பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் அதிகாரி கோப்பில் அப்படி எழுதினால், கோப்பைத் தயாரித்த எழுத்தர் உள்ளே போய் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சந்தேகம் இருக்கும், கேள்வி இருக்கும், சில சமயம் திட்டு இருக்கும். அவ்வளவுதான், சாதாரண விஷயம். இப்போது மேடமும் எழுதுகிறார். யார் போய் யாரிடம் பேசுவது?

செங்கமலம் அந்த வாரமே வந்துவிட்டார். பூவாளூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கழற்ற வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை.

“சார், செல்லுக்கு மெசேஜ் வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சு சொல்லிச்சு. ‘பேசவும்’னு போட்டிருக்காம். அதான் வந்துட்டேன். யாருகிட்ட பேசணும் சார்?”

“அது உங்களுக்கு இல்லம்மா. ஆபீஸுக்குள்ள நடக்கறது.”

“ஆபீஸுக்குள்ள யாரு பேசணும்?”

ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினேழு காலி மேசைகள்.

“வரும்மா. வந்தா மெசேஜ் வரும். சும்மா சும்மா இங்க வந்து நின்னா வேகமா வந்துருமா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்து எல்லாக் காகிதங்களையும் மறுபடி உறைக்குள் அடுக்கினார்.

அவர் கதையை அப்போதுதான் கோப்பில் படித்தேன். கணவர் கலியபெருமாள், பெரியவாய்க்கால் பிரிவில் லஸ்கர். மதகுப் பலகையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வேலையை மூத்த மகளுக்குக் கேட்கலாம் என்று இருந்தார்கள். மகளுக்குத் திடீரென்று கல்யாணம் கூடிவந்தது. சரி, நாமே கேட்போம் என்று செங்கமலம் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டார். அது வர எட்டு மாதம். விண்ணப்பம் இங்கே வந்து சேர்ந்தபோது கணவர் இறந்து மூன்று வருடமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. விதி மூன்று வருடம்.

இன்னொரு விதி, மனைவிக்கு வேலை கேட்டால் ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். செங்கமலத்துக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதி ஐம்பது முடிகிறது. இன்னும் இருபத்தாறு நாள். மதகடியில் இருக்கிற லஸ்கர் வீட்டில்தான் குடியிருக்கிறார், வேலை இல்லையென்றால் அதையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அப்படி உள்ளே எங்கேயோ மரத்துப்போய்க் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

அவர் மறுபடி வந்தார். மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை, “நான் வேணா அந்த மேடம் கிட்டயே நேரா பேசிடட்டுமா சார்? கால்ல விழுந்தாவது கேட்டுடறேன்” என்றார். மேடம் செத்துப்போய்விட்டார் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிக்குப் போனேன்.

மாடியில் மேடத்தின் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை, மேசை, முதுகில் வெள்ளை டர்க்கி டவல் போட்ட நாற்காலி. டவலை வாரம் ஒரு முறை துவைத்து மாற்றுகிறார்கள், அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. மூலையில் ஒரு சின்ன மேசையில் ஷாஹிதா. முறைமையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒப்பந்தப் பொறியாளர், பாலக்கரைப் பெண். கெட்டிக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“ஷாஹிதா, இந்த ‘பேசவும்’ கோப்பெல்லாம் எப்பம்மா நகரும்?”

“நகராது சார்.”

“என்னம்மா பொசுக்குன்னு சொல்ற?”

“பின்ன எப்படி சார் சொல்றது? மேடம் என்ன செஞ்சாங்களோ அத இது செய்யுது. காலம் கடந்து வந்த விண்ணப்பம் எல்லாத்துலயும் மேடம் ‘பேசவும்’னுதான் எழுதியிருக்காங்க. நானூத்திப் பன்னிரண்டு கோப்பு. எல்லாத்துலயும் கடைசி வரி அதான். அதுக்கப்புறம் வெறும் தாள்.”

“அப்ப அது நிராகரிப்பா?”

“நிராகரிப்புன்னாக் கூட பரவாயில்லையே. அது உத்தரவு, மேல்முறையீடு போலாம். இது உத்தரவே கிடையாது. உத்தரவு இல்லாததுக்கு எங்க போய் மேல்முறையீடு பண்ணுவீங்க? அப்படியே நிக்கும். இப்ப அந்த மாதிரி அறுபத்து மூணு பேர் நிக்கிறாங்க.”

“மேடம் அப்படிப்பட்டவங்க இல்லம்மா.”

ஷாஹிதா திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அதத்தான் சார் நாங்களும் கேட்டோம். பயிற்சி கொடுக்கும்போது ஒரு கோப்பு விடாம கேட்டோம், ‘பேசவும்’க்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு. அந்த சீட்ல பத்தொம்பது வருஷம் இருந்த ஆளு யாரோ அவரையே நிரப்பச் சொன்னோம்.”

திரையில் ஒரு பட்டியல். கோப்பு எண், பெயர், தேதி, கடைசியில் ஒரு கட்டம்: ‘பின் நடவடிக்கை’. அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். இல்லை. இல்லை. இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

“டீ குடிக்கிறீங்களா சார்?” என்றாள் ஷாஹிதா.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்கும் தெரியாது. மேடம் பச்சை மையில் ‘பேசவும்’ என்று எழுதுவார். நான் உள்ளே போவேன். “கதவ அடைச்சிட்டு வா” என்பார். கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டுச் சொல்வார்.

“ஒம்பது நாளு, பத்து நாளுக்காக ஒரு குடும்பத்த ரோட்டுல விட முடியாது, கேட்டியா? அந்தப் பிள்ளைய அது அப்பன் வேலை பார்த்த பிரிவு ஆபீஸுக்குப் போகச் சொல்லு. விண்ணப்பத்த மூணு வருஷத்துக்குள்ளயே அங்க கொண்டு கொடுத்திட்டான், அங்கதான் கிடந்துபோச்சுன்னு ஏ.இ. ஒரு கடிதம் தரட்டும். அத வச்சுப் புதுசா கோப்பு போடு. புது நம்பர். பழசக் கட்டி வை.”

“மேடம், இதயே ஒரு குறிப்பா எழுதிட்டா...”

“எழுதினா தணிக்கையில மாட்டுவேன் பாத்துக்கோ. பேசினா மாட்ட மாட்டேன். போ.”

அவ்வளவுதான். பிரிவின் உதவிப் பொறியாளரான ஏ.இ. கொடுக்கும் கடிதம் சிலது உண்மையாகவே இருக்கும். பல கடிதங்கள் பொய். ஒருத்தரும் ஒரு பைசா வாங்கியதில்லை. பழைய கோப்பு ‘பேசவும்’ என்ற சொல்லோடு ரிக்கார்டு ரூமில் தூசி தின்னும். புதுக் கோப்பில் எல்லாம் சட்டப்படி இருக்கும், மேடம் அதில் ‘ஏற்கலாம்’ என்று ஒப்பம் போடுவார். இரண்டு கோப்பையும் முடிச்சுப் போடுகிற நூல் எங்கள் இரண்டு பேர் வாயில் மட்டும் இருந்தது. ஒரு வாய் கல்லறைக்குப் போய்விட்டது.

மூன்று வருடத்துக்கு முன் பயிற்சிப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ‘புதுக் கோப்பு போடப்பட்டது, பொய்க் கடிதம் வாங்கப்பட்டது’ என்று எழுதினால் நானூற்றுச் சொச்சம் பேர் வேலையும் போகும், செத்தவரின் பெயரும் கெடும், என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் ஒன்றுதான். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முதல் கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்தேன். பிறகு அதையே கீழ்வரை இழுத்துவிட்டேன். சுட்டியை ஒரு தடவை இழுத்தால் போதும், கணினி தானாக நிரப்பிக்கொள்ளும். மொத்தம் மூன்று விநாடிகூட ஆகவில்லை.

மறுநாள் மறுபடியும் மாடி ஏறினேன்.

“திருத்த முடியுமா?”

“முடியும் சார். ஆனா நீங்க சும்மா வாயால சொன்னா அது எடுத்துக்காது. ஒரே ஒரு உதாரணம் போதும், ஆனா முழுசா வேணும். பழைய கோப்பு, புதுக் கோப்பு ரெண்டும். அப்புறம் அதுல வேலை வாங்கின ஆளு உயிரோட இருக்கணும். ‘என் விண்ணப்பம் தாமதம்தான், கடிதம் பொய்தான்’னு கைரேகை வச்சு வாக்குமூலம் கொடுக்கணும். அப்பத்தான் மேடம் இந்த இடத்துல என்ன செய்வாங்கன்னு அதுக்குப் புரியும். அந்த அறுபத்து மூணும் தானா நகரும்.”

“மத்தவங்கள எல்லாம் தோண்டி எடுக்காதா?”

“வாக்குமூலம் இல்லாதத அது தொடாது சார்.”

“வாக்குமூலம் கொடுத்தவருக்கு?”

“அவர் நியமனம் முறையற்றதுன்னு ஒரு கோப்பு தனியா போகும். மேடத்துக்குத்தான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “யாராவது இருக்காங்களா சார்?”

இருந்தார்கள். பட்டியலை எடுத்தால் பாதிப்பேர் இன்னும் வேலையில் இருந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் ஜீப் ஓட்டுகிற சூசைமாணிக்கம் ஒருவர், தாமதம் நாற்பது நாள். தபால் பிரிவில் ஒரு பெண், ஆறு நாள். அவர்களிடம் போய் என்ன சொல்வது? ‘ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளைக்காக உன் வேலையைக் கொடு’ என்றா?

பட்டியலில் நான் அந்த சீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடங்களும் உண்டு. அதில் முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பு. இறந்தவர் பெயர் மருதையன், லஸ்கர். விண்ணப்பதாரர் மகன், வயது இருபத்தேழு, தாமதம் பதினொரு நாள். அந்த மகன் அன்று வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். பாலகுரு என்ற ஹெட்கிளார்க் மேடம் அறையிலிருந்து வெளியே வந்து, “தம்பி, உன் அதிர்ஷ்டம். நேரா பிரிவு ஆபீஸுக்குப் போ. ஏ.இ. வைரக்கண்ணுவப் பாரு. மேடம் சொன்னாங்கன்னு சொல்லாத, ஆனா அவருக்குப் புரியும்” என்றார். அவன் போனான். வைரக்கண்ணு ஒன்றும் கேட்கவில்லை. கடிதம் எழுதி, ஊதிக் காயவைத்து, கையில் கொடுத்தார்.

அந்த வரிசையின் கடைசிக் கட்டத்திலும் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. என் கதைக்கும் சேர்த்துத்தான் இழுத்துவிட்டிருந்தேன்.

வீட்டில் கமலவேணியிடம் சொன்னேன். அங்கன்வாடியில் முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவள், எதற்கும் பதற மாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சொன்னா என்ன ஆகும்?”

“நான் வேலைக்கே சேரலேன்னு ஆகும்.”

“முப்பத்திரண்டு வருஷம் போனது வந்தது?”

“கணக்குல வராது. பென்ஷன் கிடையாது.”

“அடப்பாவிகளா. அப்ப அந்த ஆபீஸ்ல இத்தன நாளு போய் உக்காந்துட்டு வந்தது யாராம்?”

நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை. அவள் கீரைக்காம்புகளை ஒதுக்கிக்கொண்டே, “சொல்லாட்டி என்ன ஆகும்?” என்றாள்.

“ஒண்ணும் ஆகாது. அஞ்சு மாசத்துல ரிட்டயர் ஆயிடுவேன்.”

“அந்தம்மா?”

“அது அப்படியே நிக்கும்.”

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். “நீங்க ஒரு வாரமா சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கூடச் சொல்லல. ரெண்டு நாளு வேணும்னே போடாம வச்சேன்” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

பதினோராம் தேதி காலையில் ரிக்கார்டு ரூமிலிருந்து இரண்டு கோப்புகளையும் எடுத்தேன். முப்பத்திரண்டு வருடத் தூசியில் அடுக்குத் தும்மல். வைரக்கண்ணுவின் கடிதம் மஞ்சளாகி ஓரம் உதிர்ந்தது. மாடிக்குப் போய் ஷாஹிதாவின் மேசையில் வைத்தேன். அவள் முதலில் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சார், வேற யாராவது...”

“ரேகை எங்கம்மா வைக்கணும்?”

கட்டைவிரலை வைத்தேன். கண்ணாடி சில்லென்றிருந்தது. தியாகம் செய்கிற ஆளுக்கு ஏதாவது நிறைவு வரும் என்று சொல்வார்களே, எனக்கு அந்தச் சில்லிப்பு மட்டும்தான் தெரிந்தது. அறையில் அந்த நாற்காலியும் அந்த வெள்ளை டவலும் இருந்தன. மேடம் இருந்தால், “நிக்காத, போய் வேலையப் பாரு” என்றிருப்பார். போய் வேலையைப் பார்த்தேன்.

பதினான்காம் தேதி மத்தியானம் அறுபத்து மூன்று கோப்புகளும் வரிசையாகத் திரும்பி வந்தன. பச்சை மையில் ‘ஏற்கலாம்’. பதினைந்தாம் தேதி செங்கமலம் மகனோடு வந்து ஆணையை வாங்கிக்கொண்டார். ஐம்பது முடிய இரண்டு நாள். அலுவலக உதவியாளர் பணி, எங்கள் இயக்ககத்திலேயே. “சார், மேடத்துக்கிட்ட பேசிட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவங்க நல்லா இருக்கணும்” என்று கைகூப்பினார், மேற்கூரையைப் பார்த்து. மாடியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இருபதாம் தேதி என் கோப்பு மேடத்திடம் போனது. பொருள்: முறையற்ற நியமனம். பணிநீக்கம் என்று வரும், நீதிமன்றம் போகலாம், சங்கத்தில் வக்கீல் இருக்கிறார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன்.

‘பேசவும்.’

நான் மாடி ஏறவில்லை. ஷாஹிதா இறங்கி வந்தாள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் பாத்தேன் சார். நாம திருத்தினது தாமத விண்ணப்ப வகை. இது முறையற்ற நியமன வகை. இதுல மேடம் எழுதின பழைய கோப்பு ஏழே ஏழுதான் இருக்கு. ஏழுலயும் ‘பேசவும்’. அதுக்கப்புறம்...”

“இல்லை.”

“ஆமா சார். என்ன நடந்துச்சு சார் அந்த ஏழுல?”

“யாரோ மொட்டைக் கடுதாசி போடுவாங்க. மேடம் அந்த ஆளக் கூப்பிட்டு நல்லா நாலு திட்டுத் திட்டுவாங்க. அப்புறம், போய்ப் புள்ளைகளப் படிக்க வைன்னு அனுப்பிடுவாங்க. கடுதாசியக் கிழிச்சுப் போட்டுடுவாங்க.”

ஷாஹிதா மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். “அதுல ஒருத்தர் உயிரோட இருந்து...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஒருவர் இருந்தார். சூசைமாணிக்கத்தின் மேலும் கடுதாசி வந்தது உண்டு. போன் செய்தேன். பாதி சொல்வதற்குள், “அண்ணே, எனக்கு மூணும் பொண்ணுண்ணே” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் மூன்று வருடம் இருந்தவன்தான்.

ஐந்து மாதம் கழித்து ஓய்வு பெறும் நாள் வந்தது. கோப்பு நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற அனுமதி இல்லை. வயது முடிந்துவிட்டதால் வேலையும் இல்லை. மாலை, சால்வை, புகைப்படம் எல்லாம் ரத்து. மேசைச் சாவியை ஒப்படைத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அன்று சாம்பாரில் உப்பு தூக்கல். சொன்னேன். “பரவாயில்ல, நாக்கு இருக்கு” என்றாள் கமலவேணி.

அதற்குப் பிறகு இரண்டாவது, நான்காவது செவ்வாய்களில் இயக்ககத்துக்குப் போக ஆரம்பித்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செல்பேசிக்குச் செய்தி வரும் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் போனேன். வாசலில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் செங்கமலம் உட்கார்ந்திருந்தார். நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. முதல் தடவை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “சார், நீங்க எதுக்கு டோக்கன்?” என்றார். சும்மா ஒரு கோப்பு என்றேன்.

நான்காவது தடவை போனபோது மழை. வேறு யாரும் வரவில்லை. அவர் என் டோக்கன் எண்ணைத் திரையில் தட்டிப் பார்த்தார். இப்போது அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது.

“பே...ச...வும். இதே மாதிரிதானே சார் எனக்கும் போட்டிருந்தாங்க?”

“ஆமாம்மா.”

“யாரும் உங்ககிட்ட பேசலியா?”

“யாரு பேசுவா?”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். “வாங்க” என்றார். மாடிக்குக் கூட்டிப்போனார். ஷாஹிதாவின் ஒப்பந்தம் முடிந்து அவள் மூலை காலியாக இருந்தது. டவல் மாற்றுகிற ஒப்பந்தம் மட்டும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அதை இப்போது செங்கமலம்தான் மாற்றுகிறார். மேடத்தின் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை எதிரே உட்காரச் சொன்னார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சொல்லுங்க சார். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் செய்யவும் முடியாது. ஆனா பேசச் சொல்லிப் போட்டிருக்கு. யாராச்சும் கேக்கணும்ல?”

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்பா செத்ததிலிருந்து ஆரம்பித்தேன். வராந்தா, பாலகுரு, வைரக்கண்ணு, கடிதம். பத்தொன்பது வருடம் நான் உள்ளே போய் வெளியே வந்த கதை. அந்தப் பட்டியல். அந்தக் கட்டம். தண்ணீர் கேட்காமல் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“‘இல்லை’ன்னு எழுதினது நான்தாம்மா. நீங்க பஸ் மாறி மாறி அலைஞ்சதுக்கு மேடம் காரணம் இல்ல. நான்தான். பயத்துல, ஒரே இழுப்பா இழுத்துவிட்டுட்டேன்.”

செங்கமலம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் அது நியாயம். எத்தனையோ மாதமாக எதுவும் உறைக்காமல் இருந்தவன், அப்போது பயந்தேன், வெட்கப்பட்டேன், அழுதேன். எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது.

அவர் போகவில்லை. மேடத்தின் நாற்காலியிலிருந்து டவலை உருவி என்னிடம் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“உங்களுக்கு எத்தன நாள் தாமதம் சார்?”

“பதினொண்ணு.”

“எனக்கு ஒம்பது” என்றார்.